எல்லாம் சரியான பிறகு ஏன் உடைகிறேன்?

கேள்வி: எனக்கு 43 வயது. போன வருடம் வேலை போனது. வேறு வேலை தேடிக்கொண்டிருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். மூத்தவன் நான்தான். மருத்துவமனை, இறுதிச் சடங்கு, கடன் கணக்கு, அம்மாவை எங்களோடு அழைத்து வந்தது என்று எல்லாவற்றையும் முன்னால் நின்று பார்த்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. “உன்னை மாதிரி தைரியம் யாருக்கும் வராது” என்றார்கள். நான்கு மாதங்களுக்கு முன் நல்ல வேலையும் கிடைத்தது. அப்பாடா என்று மூச்சு விட வேண்டிய நேரத்தில்தான் உடைந்துகொண்டிருக்கிறேன். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. அப்புறம் தூக்கமே இல்லை. தூங்குவதற்காக இரவில் கொஞ்சம் குடிக்கிறேன். நாலு வரி மின்னஞ்சலுக்குப் பதில் எழுத அரை நாள் ஆகிறது. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். நண்பர்கள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. காலையில் கண் விழிக்காமலேயே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. ஆனால் தப்பான முடிவு எடுக்கிற ஆள் நான் இல்லை.

என் தங்கையும் அதே அப்பாவைத்தான் இழந்தாள். மாதக்கணக்கில் அழுதாள். இப்போது சிரித்துப் பேசிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். அவளுக்கு இருக்கும் மன உறுதி எனக்கு ஏன் இல்லை? தினமும் தன்னம்பிக்கைப் பேச்சுகள் கேட்கிறேன். கேட்டு முடித்ததும் என்மேல் எனக்கே வெறுப்புதான் கூடுகிறது. மனதை இரும்பாக்க ஏதாவது பயிற்சி இருந்தால் சொல்லுங்கள்.

பி.கு.: மனைவிக்கு இது எதுவும் தெரியாது. சொல்லலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

போகிற போக்கில் எழுதிவிட்டு நீங்கள் தாண்டிப்போன ஒரு வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். “கண் விழிக்காமலேயே போயிருந்தால்” என்ற வரி. நீண்ட நாள் களைத்துப்போன பலருக்கு இப்படித் தோன்றுவதுண்டு. இது தற்கொலைத் திட்டம் அல்ல என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் நீங்கள் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளக்கூடிய நினைப்பு அல்ல இது. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் நேராகப் போகத் தயக்கமாக இருந்தால் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமாவது போய், எனக்கு எழுதிய இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். மரியாதைக்காக மாற்றிச் சொல்லாதீர்கள். அந்த நினைப்பு “எப்படி”, “எப்போது” என்று நகர ஆரம்பித்தால் வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போக வேண்டும், அன்று இரவு தனியாக இருக்கக் கூடாது.

அதிகாலை விழிப்பு, எதிலும் மந்தம், எரிச்சல், மனிதர்களிடமிருந்து விலகல், தன்மேல் வெறுப்பு. இவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் நீடித்தால் மனச்சோர்வு நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு குறைவும், இரத்தசோகையும், பி12 பற்றாக்குறையும்கூட ஏறக்குறைய இதே மாதிரி வந்து நிற்கும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு இன்ன நோய் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மனச்சோர்வு என்றே முடிவானாலும் அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. கீழே நான் சொல்லப்போவதெல்லாம் சிகிச்சையோடு கூடச் செய்ய வேண்டியவை. சிகிச்சைக்குப் பதிலாக அல்ல.

சரி, கேள்விக்கு வருகிறேன். மனதை இரும்பாக்கும் பயிற்சி என்னிடம் இல்லை. இருந்தாலும் உங்களுக்குத் தரமாட்டேன். போன வருடம் முழுக்க நீங்கள் இரும்பாகத்தானே இருந்தீர்கள்? அதில் உங்களுக்குப் பயிற்சி போதும்.

உங்கள் தங்கைக்கு எங்கிருந்து உறுதி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை ஒட்டி நியூயார்க்கில் நடந்த ஒரு ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஜார்ஜ் பொனானோ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அப்போதுதான் கல்லூரிக்கு வந்திருந்த மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். உணர்ச்சியை வெளிக்காட்டச் சொன்னால் எவ்வளவு காட்ட முடிகிறது, மறைக்கச் சொன்னால் எவ்வளவு மறைக்க முடிகிறது என்று இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். அப்புறம் அவர்களுடைய இரண்டாம் ஆண்டு முடியும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். மன வேதனை குறைவாக இருந்தது யாருக்குத் தெரியுமா? இரண்டும் கைவந்தவர்களுக்கு. காட்ட மட்டும் தெரிந்தவர்களுக்கும் அடக்க மட்டும் தெரிந்தவர்களுக்கும் அந்தப் பலன் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை.

நீங்கள் அடக்கியது தவறே இல்லை. அப்பா படுக்கையில் இருந்தபோது, கடன்காரர்கள் வாசலில் நின்றபோது, யாராவது ஒருவர் தெளிவாக இருந்தே ஆக வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருந்தீர்கள். அது நிஜமான திறமை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு பூட்டைத் திறந்த சாவியை எல்லாப் பூட்டுக்கும் போட்டுத் திருகிக்கொண்டிருக்கிறீர்கள். கடனை அடைக்க உதவிய அதே முறை, அப்பா இல்லாத வீட்டில் உட்கார்ந்திருக்க உதவாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். “அன்றைக்கே அழுதிருந்தால் இன்றைக்கு இப்படி ஆகியிருக்காது, அடக்கி வைத்ததுதான் வெடிக்கிறது” என்று உங்களிடம் யாராவது சொல்லப்போகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நான் அதை ஏற்கவில்லை. இழப்புக்குப் பிறகு பெரிதாக அழாமல் வாழ்க்கையைத் தொடர்கிறவர்கள் ஏராளம். பொனானோ உள்பட இந்தத் துறையில் பல வருடம் ஆய்வு செய்தவர்கள் பார்த்தவரை, அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் வெடிப்பதும் இல்லை. ஆகவே அழ வேண்டிய பாக்கி எதுவும் உங்களிடம் தேங்கிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கட்டாயப்படுத்தி அழ உட்காராதீர்கள். வராவிட்டால் அதற்கும் சேர்த்து உங்களைத்தான் திட்டிக்கொள்வீர்கள்.

அப்படியானால் ஏன் இப்போது? எனக்குத் தோன்றுவது இது. நெருக்கடியில் இருக்கும்போது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நெருக்கடியே சொல்லிவிடும். இந்தப் படிவம், அந்தத் தவணை, நாளைக்கு நேர்முகத் தேர்வு. மனம் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடும். உடம்பும் அழுத்தத்துக்கான ஹார்மோன்களைச் சுரந்து ஓட்டிக்கொடுக்கும். ஆனால் அது கடனுக்கு ஓட்டுவதுதான். நீண்ட நாள் அழுத்தம் உடம்பில் தேய்மானமாகச் சேர்வதைப் பற்றி நரம்பியலாளர் புரூஸ் மெக்யூவன் 1990-களில் இருந்து விரிவாக எழுதினார்; தூக்கம், நினைவாற்றல், நிதானம் எல்லாவற்றையும் அது தொடும். புது வேலை கிடைத்த அன்று உங்கள் வரிசை முடிந்துவிட்டது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பல மாதத் தூக்கக் குறைவு, போன வேலையின் அவமானம், அப்பா இல்லாதது எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நிற்கின்றன. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் இருவரும் 1999-இல் துக்கத்தைப் பற்றி ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் போய்வருகிறார். ஒரு பக்கம் இழந்தவரை நினைப்பது, ஏங்குவது, படங்களைப் பார்ப்பது. இன்னொரு பக்கம் புதுப் பொறுப்புகள், வேலை, நடைமுறை. ஒன்றில் களைத்தால் இன்னொன்றில் இளைப்பாறல். இந்தப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தால் துக்கம் மெல்ல இடம்பிடித்து உட்காரும். உங்கள் தங்கை அநேகமாக இரண்டு பக்கமும் போய்வந்திருப்பார். மாதக்கணக்கில் அழுததை மட்டும் நீங்கள் பார்த்தீர்கள்; இடையிடையே அவரும் வேலைக்குப் போனார், துணி துவைத்தார், எதற்கோ சிரித்தார். உங்களுக்கோ நடைமுறைப் பக்கம் மட்டுமே ஓடியது.

அதனால் இந்த வாரம் தங்கைக்குப் போன் செய்யுங்கள். “நீ எப்படி இவ்வளவு தைரியமாக இருக்கிறாய்” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியில் மறுபடியும் போட்டிதான் இருக்கிறது. அப்பாவைப் பற்றிப் பேசுங்கள். அவர் எதற்குக் கோபப்படுவார், எந்தப் பழைய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார், கடைசி வாரத்தில் உங்கள் இருவரில் யாரிடம் என்ன சொன்னார். அப்பாமேல் வருத்தம் இருந்தால் அதையும் பேசுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். அரை மணி நேரம் போதும். அப்புறம் எழுந்து போய் வேறு ஏதாவது வேலை பாருங்கள், அதுவும் இதில் ஒரு பகுதிதான்.

இன்னொன்றும் தங்கையிடம் கேட்கலாம். அந்த மாதங்களில் கூட யார் இருந்தார்கள் என்று. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மன உறுதி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதில் பெரிய பங்கு ஆளுக்குள்ளே இருப்பதே இல்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் ரூத் ஸ்மித்தும் அவர்களுடைய நடுவயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், வீட்டுச் சண்டை என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் நல்ல தெம்புள்ள மனிதராக வளர்ந்திருந்தார். அவர்களுடைய சுபாவமும் உதவியது உண்மைதான். ஆனால் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது வேறு. அவர்களை மனதார ஏற்றுக்கொண்ட, நம்பிப் போகக்கூடிய ஒரு பெரியவராவது அவர்கள் வாழ்க்கையில் இருந்தார். தாத்தா பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரோ ஒருவர். அந்த ஆய்வில் எனக்கு இதைவிடப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. பதினெட்டு வயதில் தடம் மாறிப்போயிருந்தவர்களில் பலர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மீண்டிருந்தார்கள். மேற்படிப்பு, நிலையான வேலை, நல்ல துணை என்று ஏதோ ஒரு கதவு அப்போது திறந்திருந்தது. அதாவது இந்த விஷயத்தில் வயது கடந்துவிட்டது என்று ஒன்று இல்லை.

உங்கள் நிலைமையை இதோடு வைத்துப் பாருங்கள். மனைவிக்குச் சொல்லவில்லை. நண்பர்களின் அழைப்பை எடுக்கவில்லை. அம்மா முன்னால் கலங்கக் கூடாது என்று இருக்கிறீர்கள். அலுவலகத்தில் எல்லோரும் புதியவர்கள். இத்தனை தனியாக இருந்தால் யாருக்குத்தான் உறுதி நிற்கும்? எல்லா நண்பர்களையும் திரும்பக் கூப்பிட வேண்டியதில்லை. அறிவுரை சொல்லாமல் கேட்கக்கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுத்து, “போனில் பேசத் தெம்பில்லை, ஆனால் பார்க்க வேண்டும் போல இருக்கிறது” என்று ஒரு செய்தி அனுப்புங்கள். “எல்லாம் நன்மைக்கே” என்று ஆரம்பிக்கும் நண்பரை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

தன்னம்பிக்கைப் பேச்சுகளை நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு அது விஷமாக வேலை செய்வதில் ஒரு காரணம் இருக்கிறது. கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2009-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களை “நான் அன்புக்குரியவன்” என்பது போன்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். அப்படிச் சொன்னவர்களின் மனநிலை, சொல்லாதவர்களைவிட மோசமானது. உள்ளே நம்பாத ஒன்றைச் சொல்லும்போது மனம் உடனே எதிர்வாதம் செய்கிறது. மேடையில் ஒருவர் “நினைத்தால் முடியும்” என்று முழங்கும்போது உங்களுக்குக் கேட்பது “அப்படியானால் நீ நினைக்கவே இல்லை” என்பதுதான். (எல்லாவற்றையும் வென்றுவிட்டேன் என்று மேடையேறிச் சொல்பவர்கள், வென்றபோது கூட இருந்தவர்களைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்று எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு.)

அடுத்து அந்த மூன்று மணி. முதலில் குடி. மது சீக்கிரம் தூக்கத்தில் தள்ளும். சில மணி நேரத்தில் அதன் வேகம் இறங்கும்போது தூக்கத்தைத் துண்டு துண்டாக்கி எழுப்பிவிடும். நீங்கள் மருந்து என்று நினைத்துக் குடிப்பதே விழிப்புக்கு ஒரு காரணமாக இருக்கலாம். முதல் பத்தியில் சொன்ன நினைப்புகளுக்கும் அது துணிச்சல் கொடுக்கும். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தினமும் அதிகமாக என்றால் சட்டென்று நிறுத்தாதீர்கள், ஆபத்தாகலாம். மருத்துவரிடம் உண்மையான அளவைச் சொல்லி அவர் சொல்கிறபடி குறையுங்கள்.

விழித்த பிறகு படுக்கையில் கிடந்து என்ன செய்கிறீர்கள் என்பது எனக்கு ஓரளவு ஊகிக்க முடிகிறது. “எனக்கு ஏன் இப்படி ஆனது, என்னிடம் என்ன கோளாறு, தங்கையால் முடிகிறது என்னால் ஏன் முடியவில்லை.” யோசிப்பது போலத்தான் இருக்கும், ஒரு முடிவுக்கும் போகாது. 1989-இல் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சூசன் நோலன்-ஹோக்ஸெமா என்ற உளவியலாளர் அங்கே கல்லூரி மாணவர்களின் மனநிலையைத் தற்செயலாக அளந்து வைத்திருந்தார். மனம் வாடும்போது அந்த வாட்டத்தையே சுற்றிச் சுற்றி நினைக்கும் பழக்கம் யாருக்கெல்லாம் முன்பே இருந்ததோ, நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர்களுக்கே சோர்வு அதிகமாக இருந்தது. ஆகவே மூன்று மணிக்கு எழும் எந்தத் தீர்ப்பையும் நம்பாதீர்கள். இருபது நிமிடம் போலத் தூக்கம் வராமல் கிடந்தால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம், குத்துமதிப்பாகப் போதும். மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியம் குறைந்த எதையாவது செய்யுங்கள், கைபேசி வேண்டாம். கண் சொருகும்போது படுக்கைக்குத் திரும்புங்கள். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடி பழகக் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

மின்னஞ்சல் விஷயம் சோம்பல் அல்ல. மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-இல் செய்த ஒரு புகழ்பெற்ற சோதனையில், தப்பிக்கவே முடியாத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்கள், பின்னால் தப்பிக்க வழி இருந்தும் முயலாமல் படுத்துவிட்டன. கையாலாகாமையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கினார்கள். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-இல், அவர்களே அந்த விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது மூளையின் இயல்பான முதல் எதிர்வினை. “என் செயலால் ஒன்று மாறும்” என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது என்றார்கள். வேலையும் போய் அப்பாவும் போய், நீங்கள் என்ன செய்தும் நிற்காத ஒரு வருடத்தைப் பார்த்துவிட்டீர்கள். உங்கள் மூளைக்கு மறுபடியும் சான்று காட்ட வேண்டும், அதுவும் சின்னச் சின்னதாக. காலையில் இருப்பதிலேயே சுலபமான மின்னஞ்சலை எடுத்து, இரண்டே வரியில் பதில் அனுப்பிவிட்டு, அதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பகல் வெளிச்சத்தில் இருபது நிமிடம் நடங்கள். மனசு வந்தபிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். சோர்வில் இருக்கும்போது மனசு வருவதே செயலுக்குப் பின்னால்தான்.

பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தால், அன்று படுக்கப்போகும் முன் “அப்பாவுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை, அந்தக் கோபத்தை உங்கள்மேல் காட்டிவிட்டேன், உங்கள் தப்பு இல்லை” என்று சொல்லிவிடுங்கள். அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கடைசியாக உங்கள் பி.கு. சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். அவருக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கிறீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் தினமும் மூன்று மணிக்கு எழுவதும், குடிப்பதும், பேச்சு குறைந்துபோனதும் தெரியாமல் இருக்க வாய்ப்பு குறைவு. காரணம்தான் தெரியாது. காரணம் தெரியாதபோது “என்மேல் ஏதோ வருத்தம்” என்று அவர் தன்னையே காரணமாக்கிக்கொண்டிருக்கக்கூடும். நள்ளிரவில் வேண்டாம், குடித்திருக்கும்போது நிச்சயம் வேண்டாம். பிள்ளைகள் இல்லாத ஒரு பகல் நேரமாகப் பாருங்கள். நீளமாகப் பேச வராவிட்டால், “கொஞ்ச நாளாக எனக்குச் சரியில்லை. தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை. சில நாள் எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது. உன்னால் அல்ல. டாக்டரைப் பார்க்கப் போகிறேன்” என்று சொன்னால் போதும். அதுவும் வாயில் வராவிட்டால் எனக்கு எழுதிய கடிதத்தையே அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் பயப்படலாம், “ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை” என்று கோபப்படலாம். அந்த நேரத்தில் நியாயம் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் போகும் அன்று அவரையும் கூட வரச் சொல்லுங்கள். நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது உங்களைவிட அவர் சரியாகப் பதில் சொல்வார்.